மாம்பழத்துக்குப் பக்கத்தில் பூ வைக்காதீர்கள்

மேஜைப் பூ வைக்கிற தொழிலில் எதிரிகள் மூன்று பேர்: வெயில், மின்விசிறி, சொன்ன நேரத்துக்கு வராத பெரிய மனிதர். முதல் இரண்டு பேரையாவது ஏமாற்றிவிடலாம்.

சித்திரை, வைகாசியில் நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, காலையில் சிரித்த பூ மத்தியானம் தலையைத் தொங்கப்போட்டதைப் பார்த்துக் கையைப் பிசைந்திருக்கிறீர்களா? அப்படியானால் வாருங்கள், நீங்களும் நம் இனம்தான். நான் சித்தூர் முசாபரி பங்களாவில் தோட்டக்காரனாக இருந்தவன். சுற்றுப்பயணம் வருகிற அதிகாரிகள் தங்கும் சர்க்கார் விடுதி அது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பாதி வேலை, சாப்பாட்டு மேஜைக்குப் பூ வைப்பது மீதி வேலை. வாங்கிய திட்டெல்லாம் இரண்டாவதில்தான்.

ஆந்திர ராஜ்யம் புதிதாகப் பிரிந்திருந்த காலம். எல்லைக் கோடு எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. எங்கள் ஊர் நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவில் இருக்கிறது. பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது. அது ஆந்திராவா, மெட்ராஸா என்று டீக்கடையில் தினமும் வழக்கு நடக்கும். எனக்கு அதில் தனிக் கவலை இருந்தது. நான் அப்போது டெம்பரரி. கோடு விழுவதற்குள் பர்மனென்ட் ஆர்டர் வராவிட்டால், ஊர் அந்தப் பக்கம் போனதும், "உன் ராஜ்யத்தில் போய் வேலை கேள்" என்று அனுப்பிவிடுவார்கள் என ஆபீசில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. அப்போதுதான் முதல் தடவையாக அரை ஏக்கர் எங்கள் பேருக்கு வந்திருந்தது. என் மனைவி கண்ணம்மா அதில் சம்பங்கியும் ரோஜாவும் போட்டிருந்தாள். என் சம்பளம் நின்றால் அந்தச் செடிகளும் நிற்காது. ஆர்டர் கொடுக்க வேண்டியவர் தாசில்தார். பங்களாவில் நடக்கிற விருந்துக்கெல்லாம் பொறுப்பும் அவரேதான். ஆகவே ஒவ்வொரு விருந்தும் எனக்குப் பரீட்சையாக இருந்தது.

தூங்கிப்போன செம்பருத்தி

எங்கள் ஊரில் பூ என்றால் பறித்துக் கட்டிச் சந்தைக்கு அனுப்புவதோடு கவலை தீர்ந்தது. வாங்கியவர் தலையில் வாடினால் அது அவர் பாடு. பூவை மூன்று மணி நேரம் மேஜையில் நிற்க வைக்க வேண்டும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. முதல் விருந்துக்கு, பார்க்க நன்றாக இருக்கிறதே என்று தோட்டத்துச் செம்பருத்தி முழுவதையும் மத்தியானம் பறித்து நீளமான கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கினேன். மேஜை முழுக்க ஒரே சிவப்பு. தாசில்தார் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்கே ஆர்டர் வந்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது.

செம்பருத்தி பொழுது சாய்ந்தால் மூடிக்கொள்ளும் என்பது செடி வளர்க்கிற எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் விருந்து ராத்திரி ஏழரைக்கு என்பதை யோசிக்கவில்லை. விளக்கைப் போட்டதும் பார்த்தால், அத்தனை பூவும் மடக்கிய குடை மாதிரி சுருண்டு கிடக்கிறது. சமையல்காரர் ரங்கய்யா புத்தலப்பட்டுக்காரர். தெலுங்கையும் தமிழையும் ஒரே வாணலியில் போட்டு வதக்குகிறவர். சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையைப் பார்த்தவர், என் காதில் சொன்னார்: "ஏமப்பா முனுசாமி, விருந்தாளி துன்னுட்டு அப்புறம் தூங்குவாங்க. உன் பூவு துன்றதுக்கு முன்னாடியே தூங்கிடுச்சே!"

குளியலறையில் கல்யாணப் பெண்

அதற்கப்புறம் புத்தி வந்தது. விடிவதற்கு முன்னால், பனி இருக்கும்போதே, பாதி விரிந்த மொட்டாகப் பார்த்து அறுப்பேன். தண்ணீருக்குள் வைத்தே காம்பைச் சாய்வாக இன்னொரு தடவை நறுக்குவேன். தண்ணீரில் படுகிற இலையை உருவிவிடுவேன். பிறகு கழுத்தளவு தண்ணீரில் பக்கெட்டில் நிறுத்தி, இருட்டான குளிர்ந்த இடத்தில் நாலைந்து மணி நேரம் விட்டுவிட வேண்டும். வயிறு நிறையக் குடித்த பூதான் மேஜையில் தாங்கும். நீங்களும் இப்படியே செய்யுங்கள், வேறு மந்திரம் எதுவும் கிடையாது.

பங்களாவில் இருட்டாகக் குளிர்ச்சியாக இருந்தது குளியலறை ஒன்றுதான். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். வெயிலில் வெந்துபோன மனிதர், நேரே துண்டோடு குளியலறைக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஐந்து பக்கெட்டிலும் ரோஜாவும் சம்பங்கியும் கழுத்தளவு தண்ணீரில் நிற்கின்றன. எனக்கு உயிர் போய்விட்டது. அவர் கதவை மெள்ளச் சாத்திவிட்டு என்னிடம் வந்து சொன்னார்: "உள்ள கல்யாணப் பொண்ணு குளிச்சிட்டிருக்காப்ல இருக்கு, நான் கிணத்தடிக்கே போறேம்ப்பா."

ஆறு இடத்தில் தண்ணீர்

திருமலையில் ஒரு பெரிய அதிகாரியின் குடும்பத்துக்கு மத்தியானச் சாப்பாடு. தாசில்தார் என்னைப் பூவோடு அனுப்பினார். ரோஜாவை ஈரச் சாக்கில் சுற்றி, வாழைப்பட்டையில் கட்டி, டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பஸ் ஏறினேன். பஸ் நின்ற இடத்திலெல்லாம் இறங்கி ஓடிச் சாக்கை நனைத்துக்கொண்டு வந்தேன். புத்தலப்பட்டில் ஒரு தடவை, சந்திரகிரியில் ஒரு தடவை, இப்படியே. மொத்தம் ஆறு இடம். கைக்குழந்தைக்குப் பால் தேடி ஓடுகிறவனைப் பார்க்கிற மாதிரி கண்டக்டர் என்னைப் பார்த்தார். மலைமேல் போய்ப் பெட்டியைத் திறந்தால் பூ அப்படியே பறித்த மாதிரி இருக்கிறது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

விடுதிக் காவல்காரர் ஒரே பார்வையில் பெட்டியை மூடிவிட்டார். மலைமேல் பூவெல்லாம் பெருமாளுக்குத்தான், மனிதர்கள் தலையில்கூட வைக்கக் கூடாது. இது எனக்குத் தெரியாத சங்கதியா? எங்கள் ஊர்ப் பெண்கள் மலையேறும் முன்பு அடிவாரத்திலேயே தலைப்பூவை எடுத்துவிடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். தலைக்குக் கூடாது என்றால் சாப்பாட்டு மேஜைக்கும் கூடாது என்று மட்டும் தோன்றவேயில்லை. ரோஜாவைச் சாமிக்கே கொடுத்துவிட்டு, மேஜைக்கு மாவிலையும் வாழைக் குருத்தும் வைத்தேன். வந்தவர்கள் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார்கள். காவல்காரருக்குத்தான் மனசு ஆறவில்லை, தெலுங்குக் கலப்பில் கேட்டார்: "ஆறு எடத்துல எறங்கி தண்ணி காட்டினியே, அடிவாரத்துல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் கதா?"

எலுமிச்சம்பழ ஷர்பத்

கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு துண்டு அடுப்புக்கரி, ஒரு சிட்டிகை சர்க்கரை, நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. பூ இன்னும் அரை நாள் கூடுதலாகத் தாங்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு பாட்டிலில் ஒவ்வொன்றைப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உப்புப் போட்டுக் கொன்ற ரோஜாக்களிடம் இப்போதும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரைக்கும் எலுமிச்சைக்கும் ரங்கய்யாவின் சமையலறைக்குத்தான் போக வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் நெருப்பு முன்னால் நின்றுகொண்டிருந்த அவர், நான் பழத்தைப் பிழிவதைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்தார்: "ராத்திரியிலிருந்து எனக்கு ஒரு லோட்டா மோரு இல்ல, உன் பூவுக்கு ஷர்பத்தா?"

பழி விழுந்த பழம்

ஒரு விஷயம் மட்டும் பிடிபடவேயில்லை. மாசியிலும் பங்குனியிலும் இரண்டு நாள் நிற்கிற ரோஜா, வைகாசியில் விருந்து முடிவதற்குள் இதழ் உதிர்த்தது. வெயில்தான் காரணம் என்று ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்தேன். விசிறிதான் காரணம் என்று அதை நிறுத்தி வைத்தேன். அப்படியும் உதிர்ந்தது. தாசில்தார் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் ஆர்டர் ஒரு மாதம் பின்னால் போயிற்று.

ஒரு நாள் குளியலறை காலியாக இல்லை. பக்கெட்டில் பாதியை ரங்கய்யாவின் சாமான் அறையில் வைத்தேன், அங்கே வைக்கோலில் மாம்பழம் பழுத்துக்கொண்டிருந்தது. மீதியை வராந்தா மூலையில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் வெக்கையில் நின்ற வராந்தாப் பூ நிமிர்ந்து நிற்கிறது, குளிர்ந்த அறையில் இருந்தது பொல பொலவென்று உதிர்கிறது. மறுநாள் இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன், அப்போதும் மாம்பழத்துக்குப் பக்கத்தில் இருந்ததுதான் போயிற்று. அப்போதுதான் பொறி தட்டியது. சித்தூரில் வைகாசி விருந்து என்றால் மேஜையில் மாம்பழம் இல்லாமல் இருக்காது. பூக் கிண்ணத்தைச் சுற்றி மல்கோவாவையும் பங்கனப்பள்ளியையும் அடுக்கினால்தான் எங்கள் பக்கம் அது மரியாதை. பழுக்கிற பழத்திலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிப் பக்கத்துப் பூவையும் சேர்த்துப் பழுக்க வைத்துவிடுகிறது. இதை நான் ரங்கய்யாவிடம் சொன்னபோது அவர் முகம் சிவந்துவிட்டது: "சித்தூர்ல நின்னுக்கினு மாம்பழத்தையா குத்தம் சொல்றே? வெளிய யார்கிட்டயும் பேசிடாத, அடிப்பாங்க!"

இந்தப் பூ எந்த ஊர்?

எல்லை விஷயமாக ஊர் ஊராகப் போய் மனு வாங்குகிற பெரிய அதிகாரி ஒருவர் வடக்கேயிருந்து வந்திருந்தார். அவருக்கு பங்களாவில் மதியச் சாப்பாடு. ஆந்திராப் பக்கத்து அதிகாரிகளும் மெட்ராஸ் பக்கத்து அதிகாரிகளும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்காரப் போகிறார்கள். தாசில்தார் என்னைக் கூப்பிட்டு, "பூ வாடிச்சுன்னா, அப்புறம் ஆர்டர்னு என் முன்னால வந்து நிக்காதே" என்றார். அந்த வருஷம் பங்களாக் கிணறு வற்றித் தோட்டம் கருகிக் கிடந்தது. முந்தின நாள் ஊருக்கு ஓடினேன். விடியற்காலையில் கண்ணம்மாவும் நானும் எங்கள் அரை ஏக்கரில் இறங்கி அறுத்தோம். சாக்கை நனைத்துக்கொண்டே அவள் கேட்டாள், "கோடு போடறவரு மேஜைக்கா இது? நம்ம நெலம் எந்தப் பக்கம்னு ஒரு வார்த்த கேட்டுக்கினு வாயேன்." நான் சிரித்துவிட்டு பஸ் ஏறினேன்.

பன்னிரண்டு மணிக்கு மேஜையில் பூ வைத்தேன். நடுவில் ரோஜா, இரண்டு ஓரத்திலும் சம்பங்கி. கண்ணம்மா பார்த்திருந்தால் நம் பூவா என்று கேட்டிருப்பாள். பின்னாலேயே தாசில்தாரின் ஆட்கள் வந்து, பூவை அணைத்த மாதிரி இரண்டு கோபுரம் மாம்பழம் அடுக்கினார்கள். பழுத்த பழம், அறை முழுக்க வாசனை. ஒரு மணிக்கு வர வேண்டிய பெரியவர் வரவில்லை. வழியில் ஏதோ ஊரில் ஜனம் மறித்து மனுக் கொடுக்கிறது என்று சேதி வந்தது. ஒன்றரை ஆயிற்று. இரண்டு ஆயிற்று. ஒரு ரோஜாவின் வெளி இதழ் லேசாக மடங்கினதைப் பார்த்தேன். பழத்தை எடுத்தால் தாசில்தார் உத்தரவை மீறின குற்றம், எடுக்காவிட்டால் பூ போய்விடும். எதைச் செய்தாலும் வேலை போகும் என்றால், பூவாவது பிழைக்கட்டும் என்று தோன்றியது. இரண்டு கோபுரத்தையும் பிரித்துக் கொண்டுபோய் ஜன்னலோரத்துச் சின்ன மேஜையில் அடுக்கி ஈரத்துணி போட்டு மூடினேன். ரங்கய்யா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்குக் கார் வந்தது. பின்னால் நுழைந்த தாசில்தார் மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. ஆனால் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் பேசவில்லை. பெரியவர் களைத்துப் போயிருந்தார். சட்டையெல்லாம் புழுதி. சாப்பிடாமல் கொஞ்ச நேரம் பூவையே பார்த்துக்கொண்டிருந்தவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். தாசில்தார் அதைத் தெலுங்கில் என்னிடம் கேட்டார்: இந்த வெயிலில் இவ்வளவு நல்ல பூ, எந்த ஊர்ப் பூ? நான் யோசித்துப் பேசவில்லை. கண்ணம்மா சொன்னதுதான் வாயில் நின்றது. "எங்க ஊருப் பூவுங்க அய்யா. ஊரு எந்தப் பக்கம்னு நீங்கதான் சொல்லணும். உங்க பேப்பர்லதான் கீது" என்றேன். தாசில்தார் அதை மொழிபெயர்க்காமல் என்னை முறைத்தார். மெட்ராஸ் பக்கத்து அதிகாரி ஒருவர்தான் அதை இங்கிலீஷாக்கிச் சொன்னார். ஒரு நிமிஷம் விசிறிச் சத்தம்கூட இல்லை, அதை நான்தான் நிறுத்தி வைத்திருந்தேனே. பிறகு பெரியவர் சிரித்தார். எதிரெதிரே இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர் சொன்னதை அதே மெட்ராஸ்காரர் எனக்குத் தமிழில் சொன்னார்: "மூணு நாளா மனு வாங்கறாராம். இதுவரைக்கும் வந்ததுலயே சின்ன மனு உன்னுதுதானாம்."

சொந்த ஊர்

மறுநாள் காலை தாசில்தார் கூப்பிட்டனுப்பினார். மூட்டை கட்டிவிட்டுத்தான் போனேன். "மாம்பழத்தை எடுக்கச் சொன்னது எவன்?" என்றார். "நானேதாங்க அய்யா" என்றேன். "பூ?" "வாடலீங்க அய்யா." தாசில்தார் எழுத்தரைப் பார்த்து பர்மனென்ட் தாளை எடுக்கச் சொன்னார். எழுத்தர் எல்லாம் எழுதிக்கொண்டு வந்து, சொந்த ஊர் என்ற இடத்தில் நின்று, "இவங்க ஊரு எந்த ராஜ்யம்னே தெரியாதே சார், என்ன எழுதறது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தாசில்தார் சொன்னார்: "முசாபரி பங்களா, சித்தூர்னு எழுதய்யா. அவன் பூவுக்குத்தான் ஊர் கேப்பாங்க, அவனுக்கு யார் கேக்கப் போறாங்க?"

எந்தப் பக்கெட்டு?

ஆர்டர் முதலில் வந்தது. கோடு பிறகு விழுந்தது. எங்கள் ஊர் மெட்ராஸ் பக்கம் போயிற்று. நான் ஆந்திராவில் பர்மனென்ட், எங்கள் அரை ஏக்கர் அடுத்த ராஜ்யம். முதல் முதலாகப் பேருக்கு வந்த நிலத்தை விட்டு கண்ணம்மா வரமாட்டாள், வரச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் போகும்போது, எது எல்லை என்று ஜன்னலில் பார்த்துக்கொண்டே போனேன். இரண்டு பக்கமும் அதே வேலிக்காத்தான், அதே வெயில். பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

கண்ணம்மா சம்பங்கிப் பாத்தியில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். ஆர்டரை எடுத்துக் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படிக்கத் தெரியாவிட்டாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், கண்ணில் மட்டும் தண்ணீர்: "துரைங்க மேஜையில பூவு வாடாம பாத்துக்கினே, சரி. பொண்டாட்டிய வேற ராஜ்யத்துல உட்டுட்டியே, என்னை எந்த பக்கெட்டுல நிக்க வெக்கப் போறே?"

வேரை அறுத்த பிறகும் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தால் பூ இரண்டு நாள் சிரித்தபடி நிற்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நான், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஊர்த் தண்ணீர் குடித்துக்கொண்டு அதே வித்தையில் சித்தூரில் இருபத்தெட்டு வருஷம் நின்றேன்.